“சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது”: பிலாண்டோ காஸ்டீல் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஜூலை 6, புதன்கிழமை, இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தலைநகரான செயின்ட் பால் நகரை ஒட்டி ஃபால்கன் ஹைட்ஸ் என்ற சிறிய புறநகர் இருக்கிறது. அங்கே லார்பென்ட்டர் அவென்யூவில் ஒரு பழைய ஓல்ட்ஸ்மொபீல் காரை போலீஸ் வண்டி ஓரங்கட்ட வைத்தது. காரை ஓட்டி வந்தவர் பிலாண்டோ காஸ்டீல், கறுப்பினத்தவர், வயது 32. பக்கத்தில் அவருடைய காதலி. பின் இருக்கையில், குழந்தைகளுக்கான இருக்கையில், அந்தப் பெண்ணின் நான்கு வயது மகள்.

போலீஸ் வண்டியின் முன்புறக் கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது. ஹெரோனிமோ யானெஸ் என்ற 28 வயதுக் காவலர் ஓட்டுநர் பக்க ஜன்னலுக்கு வருகிறார். அவருடைய கூட்டாளி மறுபக்கம் போய் நிற்கிறார். வணக்கம் சொல்லிவிட்டு, பிரேக் விளக்கு எரியவில்லை என்கிறார் யானெஸ். லைசென்ஸையும் இன்சூரன்ஸையும் கேட்கிறார். காஸ்டீல் முதலில் இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுக்கிறார். யானெஸ் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொள்கிறார். இதுவரை எந்த ஊரிலும் எந்த இரவிலும் நடக்கும் சாதாரண விஷயம்தான்.

பிறகு காஸ்டீல் பதற்றமில்லாத குரலில் சொல்கிறார்: “சார், உங்களிடம் சொல்லிவிட வேண்டும், என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது.”

“சரி,” என்கிறார் யானெஸ். வலது கை அவருடைய துப்பாக்கி உறைமேல் போகிறது. “சரி, அப்படியானால் அதை எடுக்கப் போகாதீர்கள்.” காஸ்டீல் ஏதோ சொல்ல வருகிறார், முழுதாகக் கேட்கவில்லை. “அதை வெளியே எடுக்காதீர்கள்.” “நான் எடுக்கவில்லை,” என்கிறார் காஸ்டீல். “அவர் எடுக்கவில்லை,” என்கிறார் பக்கத்திலிருந்த பெண். “வெளியே எடுக்காதே!” ஆங்கிலத்தில் நீங்களும் கிடையாது, நீயும் கிடையாது, ஆனால் இந்தக் கடைசி வாக்கியத்தில் குரல் மாறியதைக் கேட்பவர் யாரும் தவறவிட முடியாது. அதோடு ஏழு குண்டுகள்.

துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னதிலிருந்து கடைசிக் குண்டு வரை ஏறக்குறைய பத்து விநாடி. வணக்கம் சொன்னதிலிருந்து கணக்கிட்டால் நாற்பது விநாடி. ஐந்து குண்டுகள் காஸ்டீலின் உடலில் பாய்ந்தன, அவற்றில் இரண்டு இதயத்தைத் துளைத்தன. அவர் கடைசியாகச் சொன்னது: “நான் அதை எடுக்கப் போகவில்லை.” ஒன்பதரை மணியைக் கடந்த சில நிமிடங்களில் மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

சுட்டு முடித்த சில நொடிகளிலேயே அவருடைய காதலி கைப்பேசியில் ஃபேஸ்புக் நேரலையைத் தொடங்கினார். காஸ்டீல் இருக்கையில் சாய்ந்து கிடக்க, வெள்ளைச் சட்டையில் ரத்தம் பரவ, ஜன்னலுக்கு வெளியே யானெஸ் இன்னும் துப்பாக்கியை நீட்டியபடி கத்திக்கொண்டிருக்க, அந்தப் பெண் ஒவ்வொரு வாக்கியத்திலும் “சார்” சேர்த்துப் பேசினார். லைசென்ஸைத்தானே எடுத்தார், சார். நீங்கள்தானே கேட்டீர்கள், சார். காதலன் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கும்போது மரியாதைச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு பேச வேண்டியிருந்த அந்த நிலைமைதான், இந்த வழக்கில் என்னை இன்னும் தூங்கவிடாத பகுதி. அதன் பிறகு அவருக்குக் கைவிலங்கு மாட்டிப் போலீஸ் வண்டியில் உட்கார வைத்தார்கள். அங்கே இருந்த கேமராவில் குழந்தையின் குரல் பதிவாகியிருக்கிறது. அம்மா, கத்தாதே, திட்டாதே, உன்னையும் சுட்டுவிடக் கூடாது என்று அது கெஞ்சுகிறது.

யார் இந்தக் காஸ்டீல்

செயின்ட் பால் நகரில் ஜே.ஜே. ஹில் மாண்டிசோரி பள்ளியின் உணவுக்கூட மேற்பார்வையாளர். 2002-லிருந்து அந்த நகரப் பள்ளிகளின் உணவுப் பிரிவில் வேலை. சுமார் ஐந்நூறு பிள்ளைகளின் பெயர், யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது வரை மனப்பாடம். காசில்லாமல் வரிசையில் வந்து நிற்கும் பிள்ளைக்குத் தன் பையிலிருந்து போட்டுக் கொடுப்பார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பெருங்குற்ற வழக்கு எதிலும் தண்டனை பெற்றவர் அல்ல.

ஆனால் போலீஸ் அவரை நன்றாக அறிந்திருந்தது, வேறொரு வகையில். அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். நீதிமன்றப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது, 13 ஆண்டுகளில் அவரைக் குறைந்தது 46 தடவை வழியில் நிறுத்தியிருப்பது தெரிந்தது. அபராதம் மட்டும் 6,000 டாலருக்கு மேல். அந்த 46-ல் வெளியிலிருந்து பார்க்கும் காவலர் கண்ணில் படக்கூடிய காரணத்துக்காக நிறுத்தியவை ஆறே ஆறு. மற்றவை காப்பீடு, உரிமம், பதிவு தொடர்பானவை. அபராதம் கட்டாவிட்டால் லைசென்ஸ் நிறுத்தம். நிறுத்திய லைசென்ஸோடு வேலைக்குப் போனால் மறுபடியும் அபராதம். இந்தச் சுழலில் சிக்கிய ஏழைக் கறுப்பின ஓட்டுநர்கள் அமெரிக்காவில் எத்தனையோ பேர்.

அந்த இரவிலும் பிரேக் விளக்கு வெறும் சாக்கு. நிறுத்துவதற்கு முன் யானெஸ் வயர்லெஸில் சொன்னது பதிவில் இருக்கிறது. காரில் இருக்கும் இருவரும் ஒரு கொள்ளையில் சம்பந்தப்பட்டவர்கள் போலத் தெரிகிறார்கள், ஓட்டுபவரின் அகன்ற மூக்கைப் பார்த்தால் நாம் தேடும் ஆள் போல இருக்கிறது என்றார். நான்கு நாள் முன்னால் பக்கத்தில் ஒரு கடையில் நடந்த கொள்ளையைத்தான் அவர் குறிப்பிட்டார். காஸ்டீலுக்கும் அந்தக் கொள்ளைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். ஆயுதக் கொள்ளையன் என்று உண்மையாகவே சந்தேகித்தால் அமெரிக்கக் காவல்துறையில் அதற்கென்று தனி நடைமுறை இருக்கிறது. கூடுதல் வண்டிகள் வரும்வரை காத்திருப்பார்கள். தள்ளி நின்றபடி ஒலிபெருக்கியில் உத்தரவு கொடுத்து, கைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கச் சொல்வார்கள். யானெஸ் அதைச் செய்யவில்லை. பிரேக் விளக்குக்காக நிறுத்தியவரைப் போலவே ஜன்னலுக்கு நடந்து வந்தார், குனிந்து பேசினார். நீதிமன்றத்தில் மட்டும் அந்தக் கொள்ளைச் சந்தேகம் அவருடைய பயத்துக்கு ஆதாரமாக வந்து நின்றது. வரும்போது இல்லாத பயம் வழக்கில் எப்படி வந்தது என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அனுமதி அட்டை எதற்கு

தமிழ்நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் என்றால் மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம், மாதக்கணக்கில் விசாரணை, தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைப்பு. அது சிலருக்கு மட்டும் அரசு பார்த்துக் கொடுக்கும் சலுகை. மினசோட்டாவில் 2003-லிருந்து நிலைமை நேர் எதிர். வயது வரம்பை (அப்போது 21) எட்டிய, பயிற்சி முடித்த, சட்டப்படி தகுதிக் குறைவு ஏதும் இல்லாத ஒருவர் விண்ணப்பித்தால், வட்டாரக் காவல் தலைவரான ஷெரிஃப் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். அட்டை ஐந்தாண்டுகள் செல்லும். காஸ்டீல் அந்த அட்டையை 2015-ல் வாங்கியிருந்தார். சம்பவத்தன்று அது அவருடைய பணப்பையில் இருந்தது.

அட்டை வைத்திருப்பவருக்குச் சட்டம் போட்டிருக்கும் கடமை என்ன? ஆயுதம் இருக்கும்போது அட்டையும் அடையாளச் சான்றும் கையோடு இருக்க வேண்டும். காவலர் கேட்டால் காட்ட வேண்டும். ஆயுதம் இருக்கிறதா என்று காவலர் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கேட்காதபோது தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்று மினசோட்டாச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. காஸ்டீல் சொன்னார். சட்டம் கேட்டதற்கும் ஒரு படி மேலே போய், காவலர் திடீரென்று பார்த்துத் திடுக்கிட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னார். பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவதும் இதைத்தான்.

சொல்வது கட்டாயமாக இருந்த மாநிலங்களில் என்ன நடந்தது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஒஹாயோவில் அப்போது அனுமதி வைத்திருப்பவர் நிறுத்தப்பட்ட உடனே காவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 2011 ஜூனில் கான்டன் நகரில் ஒருவர் அட்டையைக் கையில் பிடித்தபடி சொல்ல முயல, காவலர் வாயை மூடச் சொல்லிச் சொல்லி அவரைப் பேசவே விடவில்லை. துப்பாக்கி இருப்பது தெரிந்தவுடன், பார்த்த மாத்திரத்திலேயே இரண்டு அடி பின்னால் போய்ப் பத்துக் குண்டுகளை இறக்கியிருக்க வேண்டும், அதற்காக என் தூக்கம் ஒன்றும் கெட்டிருக்காது என்று மிரட்டினார். இதுவும் கேமராவில் பதிவானது. ‘உடனே தெரிவிக்கவில்லை’ என்று வழக்குப் போட்டதும் அந்த ஓட்டுநர் மேல்தான்! வழக்கு பின்னர் தள்ளுபடியானது. அடுத்த ஜனவரியில் அந்தக் காவலரை நகர நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியது. கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்று ஒஹாயோ தன் சட்டத்தை மாற்றியது 2022-ல்.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. ஆயுதம் வைத்திருப்பவர் எப்போது பேச வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்று சட்டப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதைக் கேட்ட காவலர் அடுத்து என்ன சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அது பயிற்சிக்கும் அவரவர் புத்திக்கும் விட்டுவிடப்பட்டிருக்கிறது.

எதை எடுக்காதே?

இனி அந்தப் பத்து விநாடிக்குத் திரும்புவோம். இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காஸ்டீலின் கை எங்கே போனது என்பதையே பேசுகிறார்கள். கேமராவில் அந்தக் கை தெரியவில்லை. ஆனால் யானெஸின் வாய் தெளிவாகக் கேட்கிறது. பிழை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் வாதம்.

முதல் உத்தரவு: லைசென்ஸை எடுத்துக் கொடு. அந்த உத்தரவை அவர் திரும்பப் பெறவே இல்லை. இரண்டாவது உத்தரவு: ‘அதை’ எடுக்கப் போகாதே. காஸ்டீலின் மனதில் ‘அது’ என்றால் துப்பாக்கி. எனவே துப்பாக்கியைத் தொடாமல், கேட்ட லைசென்ஸை எடுப்பது இரண்டு உத்தரவுகளுக்கும் கீழ்ப்படிவதுதான். யானெஸின் மனதிலோ அந்த நொடியிலிருந்து காஸ்டீலின் கை அசைந்தாலே அது துப்பாக்கியை நோக்கிப் போவதுதான். “நான் எடுக்கவில்லை” என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதை எடுக்கவில்லை, எதை எடுக்கிறார் என்று கேட்க ஒரு விநாடி போதும். “கையை ஸ்டியரிங் மேல் வையுங்கள்” என்று சொல்ல அதைவிடக் குறைந்த நேரம் போதும். சுடுவதற்கு முன்னால் யானெஸ் அதைச் சொன்னதாகப் பதிவில் எங்கும் இல்லை. அசையாதே என்றும் சொல்லவில்லை. ‘எடுக்காதே’ என்ற ஒரே சொல்லை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் கூட்டிச் சொன்னார். கையை எடு என்று சொன்னேன் என்று அவர் கத்துவது சுட்ட பிறகுதான், அந்தப் பெண்ணின் நேரலையில்.

மறுபக்க ஜன்னலில் நின்ற கூட்டாளிக் காவலர் அந்தப் பத்து விநாடியிலும் தன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவில்லை. அவரும் அதே வார்த்தைகளைக் கேட்டார், அதே காருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

காஸ்டீலின் துப்பாக்கி எங்கே இருந்தது? அவருடைய அரைக்கால் சட்டையின் வலது முன் பாக்கெட்டில். மருத்துவ உதவியாளர்கள் அவரைத் தூக்கிச் செல்லும் பலகைக்கு மாற்றும்போதுதான் அது எடுக்கப்பட்டது. தோட்டாக்கள் மேகசினில், அதாவது தோட்டாக் கூட்டில், இருந்தன. சுடுவதற்குத் தயாராகத் துப்பாக்கியின் அறையில் ஏற்றிய தோட்டா ஒன்றுகூட இல்லை. சம்பவ இடத்திலேயே யானெஸ் தன் மேலதிகாரியிடம் பேசியது கேமராவில் இருக்கிறது. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று அவன் என்னிடம் சொல்லவில்லை, எங்கே என்று எனக்குத் தெரியவில்லை என்ற பொருளில் அவர் பேசுகிறார். பதினோரு மாதம் கழித்துச் சாட்சிக் கூண்டில், துப்பாக்கியைப் பார்த்தேன், சாகப்போகிறேன் என்று நினைத்தேன் என்றார்.

விசாரணையும் தீர்ப்பும்

மறுநாளே ஆளுநர் மார்க் டேடன் வெளிப்படையாகக் கேட்டார்: ஓட்டுநரும் உடனிருந்தவர்களும் வெள்ளையராக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றே நினைக்கிறேன் என்று அவரே பதிலும் சொன்னார். மாநிலக் குற்றப் புலனாய்வு அமைப்பு விசாரித்தது. ஃபால்கன் ஹைட்ஸ் அடங்கிய ராம்சி கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) அரசு வழக்கறிஞர் ஜான் சோய் நவம்பர் 16 அன்று யானெஸ் மேல் குற்றச்சாட்டுப் பதிவு செய்தார்: இரண்டாம் நிலை மரணம் விளைவித்தல், கூடவே காரில் இருந்த இருவரின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும்படி சுட்டதற்காக இரண்டு குற்றங்கள். யானெஸ் அறிந்ததை அறிந்து, பார்த்ததைப் பார்த்து, கேட்டதைக் கேட்ட எந்த நியாயமான காவலரும் அந்தச் சூழ்நிலையில் உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தியிருக்க மாட்டார் என்று சோய் அன்று சொன்னார். நியாயமற்ற பயம் கொலைக்கு நியாயமாகாது என்றும் சொன்னார்.

இந்த ‘நியாயமான காவலர்’ என்ற அளவுகோல் 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரஹாம் வழக்கில் வகுத்தது. நடந்து முடிந்த பிறகு ஆற அமர யோசிப்பவரின் கண்ணால் பார்க்காதீர்கள், அந்த இடத்தில் நின்ற நியாயமான காவலரின் கண்ணால் பாருங்கள் என்பது அதன் சாரம். சிவில் உரிமை வழக்குக்காகப் பிறந்த அளவுகோல் அது. நாளடைவில் காவலர் சுட்ட வழக்குகள் அத்தனையிலும் அதன் நிழல் விழுந்துவிட்டது. நடைமுறையில் கேள்வி சுருங்கி, சுட்ட அந்த ஒரு நொடியில் அவருக்குப் பயம் இருந்ததா என்பதாகிவிடுகிறது. அந்த நொடியைக் கொண்டுவந்தது யார், எந்த உத்தரவு, எந்த அவசரம் என்பவை ஓரத்துக்குப் போய்விடுகின்றன.

2017 மே இறுதியில் விசாரணை தொடங்கியது. தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த 12 நடுவர்கள் (ஜூரி), அவர்களில் இருவர் கறுப்பினத்தவர். காஸ்டீலின் ரத்தத்தில் கஞ்சாவின் தடயம் இருந்தது, காரில் கஞ்சா இருந்தது என்பதை யானெஸ் தரப்பு பெரிதாகக் கையாண்டது. போதையில் இருந்ததால் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்றார்கள். சம்பவத்துக்கு மறுநாள் புலனாய்வாளர்களிடம் யானெஸே, சின்னப் பிள்ளை இருக்கும் காரில் கஞ்சா புகைக்கத் துணிந்தவன் என்னைப் பற்றியா கவலைப்படுவான் என்ற தொனியில் பேசியிருந்தார். ஒரு மனிதரைச் சுடுவதற்கு இது எப்படிக் காரணமாகும் என்று எனக்குப் புரியவில்லை. அந்த மறுநாள் வாக்குமூலம் சான்றாகப் பதிவாகவில்லை. நடுவர்கள் அதன் எழுத்துப் படியைக் கேட்டபோது நீதிபதி மறுத்துவிட்டார்.

ஐந்து நாள் கலந்தாலோசித்தார்கள். மரணம் விளைவித்தல் என்ற குற்றத்துக்குச் சட்டம் கேட்பது ‘தண்டனைக்குரிய அலட்சியம்’. அந்தச் சொல்லின் பொருளோடு மல்லுக்கட்டியே பெரும்பகுதி நேரம் போனதாக நடுவர்களில் ஒருவர் பின்னர் சொன்னார். பத்துப் பேர் விடுதலைக்கு, இருவர் எதிராக என்று ஒரு கட்டத்தில் நின்றதாகவும் சொன்னார். ஜூன் 16 அன்று எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் யானெஸ் விடுதலை. நான்கு நாள் கழித்து, ஜூன் 20 அன்று, போலீஸ் வண்டியின் முன்புறக் கேமராப் பதிவை வெளியிட்டார்கள். நாடே பார்த்தபோது தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது.

நடுவர்களை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் முன் வைத்த கேள்வி அப்படி. ஒருவர் பயந்தாரா என்று கேட்டால், அந்தப் பதிவைப் பார்க்கும் எவரும் பயந்தார் என்றுதான் சொல்வார்கள். யானெஸின் குரல் உடைந்து நடுங்குகிறது. தெளிவான உத்தரவு கொடுத்தாரா என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

பிறகு வந்த கணக்குகள்

தாய் வேலரி காஸ்டீலுக்கு 29 லட்சத்து 95 ஆயிரம் டாலர் இழப்பீடு. காரில் இருந்த பெண்ணுக்கும் மகளுக்கும் சேர்த்து எட்டு லட்சம் டாலர். பணம் காப்பீட்டு வழியாகவும் நகர நிர்வாகங்கள் வழியாகவும் போனது. சுட்டவர் கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகவில்லை. யானெஸ் பணியிலிருந்து பிரிந்து போக 48,500 டாலர் வாங்கிக்கொண்டார். ஃபால்கன் ஹைட்ஸுக்குச் சொந்தக் காவல்துறை கிடையாது, பக்கத்து செயின்ட் ஆண்டனி நகரக் காவல்துறையோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்த ஒப்பந்தம் 2017-ஓடு முடிவுக்கு வந்தது.

துப்பாக்கி உரிமைக்காக முழங்கும் தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ. என்ன செய்தது? அனுமதி பெற்று, சட்டப்படி நடந்து, தானாக முன்வந்து சொன்ன ஒரு துப்பாக்கி உரிமையாளரைப் போலீஸ் சுட்டுக் கொன்றிருக்கிறது. அந்தச் சங்கம் இருப்பதே இப்படிப்பட்டவர்களுக்காக என்றுதான் அதன் உறுப்பினர்கள் நம்பிச் சந்தா கட்டுகிறார்கள். இரண்டு நாள் கழித்து, காஸ்டீலின் பெயரைக்கூடச் சொல்லாமல் ஓர் அறிக்கை வந்தது: மினசோட்டாவிலிருந்து வரும் செய்திகள் கவலை தருகின்றன, விசாரணை முடியும்வரை கருத்துச் சொல்வது சரியல்ல. தீர்ப்புக்குப் பிறகு அதன் பேச்சாளர், தவிர்த்திருக்கக்கூடிய சோகம் என்றார். பின்னொரு சமயம் கஞ்சாவும் துப்பாக்கியும் ஒன்றாக வைத்திருந்தது சட்டவிரோதம் என்றார். அதே சங்கத்தின் தொலைக்காட்சியில் பேசிவந்த ஒரு கறுப்பினத்தவர் மட்டும், யானெஸ் சுதந்திர மனிதராக நடந்து போனது தவறு என்று நேராகச் சொன்னார். சங்கத்திலேயே பலர் கசந்துபோனார்கள். அந்தக் கசப்பு நியாயமானது.

காஸ்டீல் வீட்டில் இதைப் பற்றி முன்பே பேசியிருந்தார்கள். அவருடைய தங்கையும் அனுமதி வைத்திருந்தவர். போலீஸ் முதலில் சுட்டுவிட்டுப் பிறகுதான் கேள்வி கேட்கும் என்ற பயத்தால் துப்பாக்கியை எடுத்துச் செல்லவே எனக்கு மனமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இதைத் தாய் வேலரி மறுநாள் தொலைக்காட்சியில் நினைவுகூர்ந்தார். போலீஸ் நிறுத்தினால் சொன்னபடி செய், சொன்னபடி செய் என்றே பிள்ளைகளை வளர்த்தேன் என்றார்.

பயிற்சி பற்றியும் சொல்ல வேண்டும். யானெஸ் 2014-ல் ‘குண்டு துளைக்காத போர்வீரன்’ என்ற பெயரில் நடந்த இருபது மணிநேரப் பயிற்சிக்குப் போய்வந்தவர். தெருவில் ஒவ்வொரு சந்திப்பையும் உயிருக்கான போராகப் பார்க்கச் சொல்லும் வகைப் பயிற்சி அது. தயங்கினால் செத்தாய் என்று ஒருவருக்கு இருபது மணிநேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, “என்னிடம் துப்பாக்கி இருக்கிறது” என்று நாணயமாகச் சொல்லும் ஆளிடம் அவரை அனுப்பினால், அவர் காதில் அந்த வாக்கியம் தகவலாக விழாது, மிரட்டலாகத்தான் விழும். செயின்ட் பாலை ஒட்டிய மினியாபொலிஸ் நகரின் மேயர் ஜேக்கப் ஃப்ரே 2019-ல் தன் நகரக் காவலர்களுக்கு இந்தப் ‘போர்வீரர்’ பயிற்சியைத் தடை செய்தார். மாநிலம் முழுவதற்கும் தடை வந்தது 2020-ல், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை மினியாபொலிஸ் காவலர் ஒருவர் கொன்ற பிறகு. அதே சட்டம் உயிர்பறிக்கும் பலத்துக்கான விதியையும் இறுக்கியது: ஆபத்து இன்னதென்று குறிப்பாக எடுத்துச் சொல்ல முடிய வேண்டும், காவலர் செயல்படாவிட்டால் அது நிகழும் வாய்ப்பு நியாயமாக இருக்க வேண்டும், தாமதமின்றி அந்தப் பலத்தால்தான் தடுக்க முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். 2016 இரவின் மேல் இந்த மூன்றையும் பொருத்திப் பார்த்தால் முதல் படியிலேயே இடறுகிறது. துப்பாக்கி எங்கே என்று தெரியவில்லை என்று சொன்னவர் எந்த ஆபத்தைக் குறிப்பாக எடுத்துச் சொல்வார்?

ஆனாலும் சட்டத்தின் எழுத்து மட்டும் போதவில்லை. 2022 பிப்ரவரி 2 அதிகாலை, மினியாபொலிஸில் கதவைத் தட்டாமல் நுழையும் வாரண்டோடு ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் போலீஸ் புகுந்தது. சோபாவில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்த அமீர் லாக், வயது 22, வாரண்டில் பெயர் இல்லாதவர். அவரும் அனுமதி பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்தவர். உதைத்து எழுப்பினார்கள். போர்வையோடு எழும்போது கையில் துப்பாக்கி இருந்தது. இந்த இடத்தில் காஸ்டீல் வழக்கிலிருந்து இது வேறுபடுகிறது என்பதை மறைக்கக் கூடாது. உள்ளே நுழைந்த பத்து விநாடிக்குள் அவர் சுடப்பட்டார். காவல்துறையின் முதல் அறிக்கை அவரைச் ‘சந்தேக நபர்’ என்றது. சுட்டவர் மேல் வழக்குப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று ஏப்ரலில் அரசு வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். இருட்டில் யார் என்று தெரியாத ஆட்கள் வீட்டுக்குள் புகுந்தால் தற்காத்துக்கொள்ளத்தான் ஒருவர் துப்பாக்கி அனுமதி வாங்குகிறார். அந்தப் பத்து விநாடியில் சூழ்நிலையை உருவாக்கியது வாரண்டா, லாக்கா என்ற கேள்வி மறுபடியும் ஓரத்துக்குப் போனது.

உருப்படியாக ஒன்று நடந்தது என்றால் அது நிறுத்தும் இடத்தில்தான். 2021 செப்டம்பரில் ஜான் சோய் ஒரு கொள்கை அறிவித்தார். எரியாத விளக்கு, காலாவதியான பதிவு வில்லை போன்று சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்தில்லாத சின்னக் குறைகளுக்காக மட்டும் வண்டியை நிறுத்தி, அதிலிருந்து கிளம்பும் பெருங்குற்ற வழக்குகளைத் தன் அலுவலகம் இனி எடுத்து நடத்தாது என்றார். செயின்ட் பால் காவல்துறையும் அப்படிப்பட்ட நிறுத்தங்களைக் குறைக்க ஒப்புக்கொண்டது. சிறு குறைக்கு வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பினால் போதும் என்பது அவருடைய வாதம். காஸ்டீல் வழக்கை நடத்திய அனுபவம்தான் இதற்குக் காரணம் என்றும் சொன்னார். காஸ்டீலின் 46 நிறுத்தங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்பட்டது அந்தக் கடிதம் ஒன்றுதான். கடைசி நிறுத்தத்துக்கும்.